பன்னிரண்டு கடிதங்களோடு லூயிஷாமிலிருந்து ஃபெல்தமுக்கு

இந்தப் பயணத்துக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஆனால் உங்களில் சிலர் போக வேண்டி வரலாம் என்பதால் மணி, காசு, பஸ் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. போன வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லண்டன் லூயிஷாமில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்கிறேன். ஒரு நாள் கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: குடிவரவுத் தடுப்பு முகாம்களில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுத ஆட்கள் தேவை. பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும் என்பதால் சேர்ந்தேன். ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எனக்குக் கிடைத்தவர் வதனி அக்கா. மாதாமாதம் கையெழுத்துப் போடப் போகும் குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு நாள் போனவரை அப்படியே பிடித்து வைத்துவிட்டார்கள். குற்றம் எதுவும் இல்லை, விடும் தேதியும் இல்லை. ஒன்பது மாதம். அவருக்கு நீரிழிவு. மாத்திரை ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. கேட்டதற்குத் தனியறையில் பூட்டினார்கள். எல்லாவற்றையும் எனக்கு எழுதினார். பன்னிரண்டு கடிதங்களையும் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன்.

இந்த மார்ச்சில் ஃபெல்தம் கோர்ட்டில் அவருடைய பிணை விசாரணை வந்தது. மருந்து வராததைப் பற்றி அவர் ஒருபோதும் முறைப்பாடு செய்யவில்லை என்று முகாம் சொன்னதால், அவருடைய லோயர் எனக்கு வந்த கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒப்படைத்தார். கையால் எழுதிய கடிதங்களோடு நானும் வர வேண்டும் என்றார். பிணை நிற்பவர் என் கடை முதலாளி அண்ணை. அவர் விடியவே சவுத்தாலுக்கு மரக்கறி ஏற்றப் போய்விட்டார். அங்கிருந்து தன் வான் வண்டியில் நேரே வருவதாகச் சொன்னார். அதனால் நான் தனியாகப் போனேன்.

லூயிஷாமில் காலை 7:24 ரயில். வாட்டர்லூ ஈஸ்ட்டில் இறங்கி, மேம்பாலத்தால் ஐந்து நிமிடம் நடந்தால் பெரிய வாட்டர்லூ. 7:57க்கு அடுத்த ரயில், 8:30க்கு ஃபெல்தம். மொத்தம் பதினெட்டு மைல் அளவில் இருக்கும். காலை நெரிசல் நேரம் என்பதால் ஒரு நாள் டிராவல்கார்ட் 13 பவுண்ட் 80. ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டால் ஏறக்குறையப் பாதிதான், ஆனால் விசாரணைக்குப் பிந்திவிடுவீர்கள்.

ஸ்டேஷன் வாசலில் பஸ். வழி கேட்கக் கூச்சமாக இருந்ததால் முகவரி எழுதிய துண்டைச் சாரதியிடம் நீட்டினேன். அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"கோர்ட்டுக்கோ, தங்கச்சி? என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. இரும், இடம் வரேக்க சொல்லுறன்."

பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டு, "வெண்டு கொண்டு வாரும்" என்று கை காட்டினார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து மணி விசாரணை 11:20க்குத்தான் தொடங்கியது. அதற்குள் அண்ணையும் வந்து என் பக்கத்தில் இருந்தார். அறை சின்னது, வகுப்பறை மாதிரி. அக்காவைக் கூட்டி வரவில்லை. முகாமிலிருந்து ஒரு டிவித் திரையில் காட்டினார்கள். அவர் முகத்தை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். கையெழுத்தைப் போலவே வட்டமான முகம்.

லோயர் மருந்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும் எதிர்ப்பக்கத்துக் குடிவரவு அலுவலர் எழும்பினார். மொழிபெயர்ப்பைக் கையில் பிடித்து, பன்னிரண்டு கடிதங்களின் முதல் வரியையும் ஒவ்வொன்றாக வாசித்தார். "நான் நலம். உங்கள் நலமறிய ஆவல்." பன்னிரண்டு முறை. தான் நலமாக இருப்பதாக இவரே கைப்பட எழுதியிருக்கிறார், பிறகு என்ன முறைப்பாடு என்றார்.

லோயர் இங்கே பிறந்தவர், தமிழில் ஒரு கடிதமும் எழுதியதில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணை என் முழங்கையில் இடித்து, "எழும்பு பிள்ளை, உன்னை விட்டா ஆர் சொல்லுறது?" என்றார்.

நீதிபதி தலையாட்ட, நான் எழும்பினேன். ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தமிழில் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஐயா, அது சுகத்தைச் சொல்லுற வரி இல்லை. எங்கட கடிதம் அப்பிடித்தான் தொடங்கும். எனக்குக் கொப்புளிப்பான் வந்து, உடம்பு முழுக்கப் பொக்களமாய்ப் படுத்திருந்த கிழமையும் அக்காவுக்கு 'நான் நலம்' எண்டுதான் எழுதினனான்."

திரையில் அக்கா துள்ளி எழும்பினார். "கொப்புளிப்பானோ! எடி, எனக்கு ஒரு சொல்லுக் கூட எழுதேல்லையே நீ! வேப்பிலை வச்சவையோ?"

மொழிபெயர்ப்பாளர் வேப்பிலை உட்பட அதையும் அப்படியே சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பிறகு அலுவலரிடம், "நாங்களும் முகம் தெரியாத ஆளுக்கு 'அன்பான ஐயா' என்றுதானே எழுதுகிறோம்? அவர் மேல் அன்பா என்ன?" என்றார். கடிதங்களின் இரண்டாம் வரியிலிருந்து தான் வாசிக்கப்போவதாகச் சொன்னார். 12:35க்குப் பிணை கிடைத்தது.

ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்து முகாமுக்கு அண்ணையின் வண்டியில் இருபத்தைந்து நிமிடம். முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் இடியப்பம் சாப்பிட்டபடி கேட் வாசலில் காத்திருந்தோம். விமானங்களை எண்ணினேன், எழுபதோடு விட்டுவிட்டேன். 4:10க்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு அக்கா வந்தார். என் நெற்றி முடியை ஒதுக்கி, தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

வண்டியில் ஏறியவர் கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

"கதவு கழண்டு விழப்போகுது, தங்கச்சி."

"விழட்டும் அண்ணை. ஒன்பது மாசம் நானா ஒரு கதவும் திறக்கேல்லை."

வழி முழுக்கச் சிரிப்புத்தான். அண்ணையின் வீட்டு மேல் அறையில்தான் அக்கா இப்போது இருக்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் மாத்திரை வேளைக்குக் கிடைக்கிறது.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை கட்டாயம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. உறைகளை எறியாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும். முக்கியமாக, உள்ளே இருப்பவர்களிடம் சொல்லுங்கள்: முதல் வரியிலேயே வருத்தத்தை எழுதட்டும், நலம் விசாரிப்பது பிறகு.

போன கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடையிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கும் அக்கா, முத்திரை ஒட்டிப் போட்டிருக்கிறார். பதின்மூன்றாவது கடிதம். "நான் நலம்" என்று தொடங்கி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.