இன்னும் கொஞ்சம் பின்னாடி

இது நடந்தது சவுதியில், போன ஆகஸ்டில். கௌரிசங்கர் என்ற சர்வேயருக்கு. பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துகிற ஆள் இல்லை அவர். கேட்டால்தான் சொல்வார், அதையும் பாதியில் நிறுத்திவிடுவார். அவர் சொன்னதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

ஜுபைலில் குடும்பத்தோடு இருந்தவரைக் கம்பெனி நாட்டின் அந்தக் கோடிக்கு, மதீனாவுக்கும் வடக்கே அனுப்பிவிட்டது. துருக்கியர் காலத்து ரயில் பாதை ஒன்று அந்தப் பாலைவனத்தில் உண்டு. தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. ஸ்டேஷன்கள் மட்டும் நிற்கின்றன. கல் கட்டடம், வளைவு வாசல், கூரையும் இல்லை, கதவும் இல்லை. உள்ளே புதையல் தேடி வந்தவர்கள் தோண்டிப் போட்ட குழிகள். சுவர்ப் பொந்துகளில் புறாக்கள். புது ரோடு அந்த வழியாக வருவதால் எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஒரே கட்டடத்தைத் திரும்பத் திரும்ப அளப்பது போலிருந்தது அவருக்கு. ராத்திரி கண்ணை மூடினாலும் அதே வளைவு வாசல்தான்.

துணைக்கு ரெங்கராஜ். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய ஹெல்பர். முழங்கால் தேய்ந்துபோய், அடுத்த வாரம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகவிருந்தார்.

வேலை எளிதுதான். கௌரிசங்கர் முக்காலியில் கருவியை வைத்துத் தொலைநோக்கியில் பார்ப்பார். ரெங்கராஜ் தூரத்தில் கண்ணாடி பொருத்திய கம்பைப் பிடித்து நிற்பார். கண்ணாடி கருவியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அதனால் பின்னால் போகச் சொன்னால் திரும்பாமல், அப்படியே பின்னால் அடியெடுத்து வைப்பார். எங்கே நிற்பது என்று கௌரிசங்கர் வாக்கி டாக்கியில் சொல்வார். இந்த ஒரு மாதத்தில் ரெங்கராஜ் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. சார் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை.

அன்றைய ஸ்டேஷனில் மத்தியான ஓய்வு முடிந்து மூன்றரைக்கு ஆரம்பித்தார்கள். அனல் காற்று. இருவருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை.

அங்கே புறா இல்லை. ஒன்றுகூட.

தரையில் ஒரு குழியும் இல்லை. மற்ற எல்லா இடத்திலும் தோண்டியவர்கள் இங்கே மட்டும் கைவைக்கவில்லை. ஏன் என்று கௌரிசங்கர் யோசித்தார். வெயிலில் அந்த யோசனையும் நிற்கவில்லை.

ரெங்கராஜ் கம்போடு கட்டடத்தின் பக்கவாட்டுக்குப் போய் நின்றார். இருநூறு மீட்டர் இருக்கும். முதல் அளவு எடுத்தாயிற்று. அடுத்து இடதுபுறம் போகச் சொல்ல வேண்டும். கௌரிசங்கர் வாக்கி டாக்கியை இன்னும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

தொலைநோக்கியில் ரெங்கராஜின் உதடு அசைந்தது.

"சரி சார்" என்பது போல.

பிறகு ஓரடி பின்னால் வைத்தார்.

களைப்பில் தப்பாக நகர்கிறார் என்று நினைத்தார் கௌரிசங்கர். வாக்கி டாக்கியை எடுத்து அழுத்தினார்.

"அண்ணே, அங்கேயே நில்லுங்க."

கர்ர்ர்... என்ற இரைச்சல் மட்டும்.

ரெங்கராஜ் தன் வாக்கி டாக்கியைக் காதோடு வைத்துக் கேட்டார். தலையாட்டினார். இன்னோர் அடி.

கௌரிசங்கர் தொலைநோக்கியைக் கொஞ்சம் திருப்பினார். ரெங்கராஜின் முதுகுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு கல் வட்டம். நடுவில் கறுப்பு.

கிணறு. ஸ்டேஷனுக்குத் தண்ணீர் எடுத்த பழைய கிணறு. சுற்றுச்சுவர் இடிந்து, வாய் திறந்து கிடந்தது.

"அண்ணே! நில்லுங்க!"

கர்ர்ர்...

தலையாட்டல். இன்னோர் அடி.

பக்கத்தில் நின்ற பிக்கப்புக்கு ஓடி ஹாரனை அழுத்திப் பிடித்தார். ரெங்கராஜ் நின்றார். குழப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

அப்போது கௌரிசங்கரின் கையிலிருந்த வாக்கி டாக்கி பேசியது.

அவர் குரலில்.

அவருடைய அதே அலுத்த குரலில், அதே திருச்சித் தமிழில்.

"ஹாரன் நம்மளது இல்லண்ணே... வேற வண்டி... நீங்க இன்னும் கொஞ்சம் பின்னாடி..."

வாக்கி டாக்கியை வீசிவிட்டு ஓடினார். செருப்பு கழன்றது. கல் குத்தியது. கத்தினார். அனல் காற்று சத்தத்தை அடித்துக்கொண்டு போனது. வெறுங்கையை ஆட்டிக்கொண்டே ஓடினார்.

ரெங்கராஜ் பார்த்தார். சார் எதிரே ஓடிவருகிறார். கையில் ஒன்றும் இல்லை.

காதில் சார் பேசிக்கொண்டே இருக்கிறார்.

கையிலிருந்ததையெல்லாம் உதறினார். கம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வாக்கி டாக்கி தெறித்துப் பின்னால் போனது. ரெங்கராஜ் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். அவர் குதிகாலுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

வாக்கி டாக்கி விழுந்த சத்தம்... வரவில்லை.

வெகுநேரம் கழித்து, அடியில் எங்கோ, டொக்.

பிறகு அங்கிருந்தும் மெதுவாக...

"இன்னும் கொஞ்சம்... பின்னாடி..."

கௌரிசங்கர் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பை எடுக்கத் திரும்பிப் போகவில்லை. பாதி வழியில்தான் ரெங்கராஜ் வாயைத் திறந்தார்.

"நீங்கதான சார் சொன்னீக."

"நான் சொல்லலண்ணே."

பிக்கப்பில் ஏற்றி, தங்கியிருந்த கேம்புக்கு நேராக விட்டார் கௌரிசங்கர்.

கேம்ப் பாஸ் அகமது கபீர் கீழக்கரைக்காரர், அந்தப் பக்கத்தில் நெடுங்காலம் இருப்பவர். கம்பு எங்கே என்று கேட்டவரிடம் கௌரிசங்கர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு கம்பெனி ஆட்கள் அங்கே அளக்கப் போனார்களாம். நேபாளத்து ஹெல்பர் ஒருத்தர் அதே கிணற்றில் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் உயிர் பிரியும்வரை, சார்தான் வாக்கி டாக்கியில் பின்னால் போகச் சொன்னார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். போலீஸ் சர்வேயரைப் பிடித்து வைத்திருந்ததாம்.

"அப்புறம்?" என்றார் கௌரிசங்கர்.

"விட்டுட்டாங்க. சார் நேபாளியிலதான் பேசுனாருன்னு சாகப்போறவன் சத்தியம் பண்ணுனான்."

அகமது கபீர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்த சர்வேயர் எகிப்துக்காரர் தம்பி. அவருக்கு நேபாளி ஒரு வார்த்தைகூடத் தெரியாது."