சீர்த்தட்டோடு ஆவூருக்கு

காலை 5.10. அறந்தாங்கி வண்டி மணமேல்குடியில் வந்து நின்றபோது என்னிடம் மூன்று பைகள் இருந்தன. ஏறி உட்கார்ந்து எண்ணினேன். டிக்கெட் எடுத்த பிறகு மறுபடி எண்ணினேன். ஒன்றில் பட்டுச் சேலை, வளையல், பட்டம். ஒன்றில் தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம். இன்னொன்றில் பித்தளைத் தாம்பாளம். கூட வந்திருக்க வேண்டிய என் மனைவி மல்லிகா வரவில்லை.

என் அக்கா மகள் செல்விக்கு அன்று ஆவூரில் கல்யாணம். மாப்பிள்ளை கிறிஸ்தவர். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொள்வது. மாதா கோயிலில் பதினொன்றரைக்கு மந்திரிப்பு என்கிற கல்யாணச் சடங்கு. அத்தான் காலமாகிவிட்டார். அவருடைய பங்காளிகள், கோயில் மாறிப் போகிற கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று சொந்த ஊரான குளத்தூரிலேயே நின்றுகொண்டார்கள். ஆக, பெண் பக்கத்துச் சொந்தம் என்று நிற்கப்போவது அக்காவும், தாய்மாமனான நானும்தான்.

எங்கள் பக்கத்து முறையைச் சொல்லிவிடுகிறேன். மாமன் வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டை ஏந்தி முன்னால் நடக்க, மாமன் மாலையோடு பின்னால் போகவேண்டும். அதன்பிறகு மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் என்கிற ஜரிகைப் பட்டையைக் கட்டி, மாலையைப் போடுவார். அது முடிந்துதான் பெண் வாசற்படி தாண்டலாம். இல்லாவிட்டால் மாமன் வீடு கைவிட்ட பெண் என்று புகுந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சாகும்.

தட்டைத் தூக்கவேண்டிய மல்லிகாதான் முறுக்கிக்கொண்டாள். ஓமனில் வெல்டிங் வேலை பார்க்கும் எங்கள் பையனுக்குத்தான் செல்வி என்று, அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்ததிலிருந்தே நினைத்திருந்தாள். பையனுக்கும் அப்படி எண்ணம் இல்லை, செல்விக்கும் இல்லை. மல்லிகாவுக்கு இருந்தது. "நான் வந்து தட்டை ஏந்தி, என் மருமகளை இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்பி வைக்கவா?" என்று கேட்டாள். தாம்பாளத்தையாவது கொடு என்றேன். அது அவள் பிறந்த வீட்டுச் சீதனம், அடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். மருமகள் வந்ததும் அவள் கையில் கொடுப்பதற்காகப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். "எடுத்துட்டுப் போங்க. ஆனா திரும்பி வரணும்" என்றாள்.

6.25. அறந்தாங்கி. புதுக்கோட்டை வண்டியில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, மேல வைங்க. ரெண்டு பேரு உக்கார்ற எடம்" என்றார் கண்டக்டர்.

"விழுந்துருச்சுன்னா?"

"பித்தளைதானே. விழுந்தா ஊருக்கே கேக்கும், எடுத்துக்கலாம்."

சிரித்தார்கள். நான் மேலே வைக்கவில்லை. வழியில் மல்லிகாவுக்கு மூன்று தடவை போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

7.50. புதுக்கோட்டை. மாலை வாங்கினேன். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டியது, நானூறு ரூபாய். வாடிவிடுமோ என்று ஈரத்துண்டில் சுற்றினேன். அழுகிவிடுமோ என்று திரும்பப் பிரித்தேன்.

திருச்சி வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், ஆவூர்க்காரர். அவரும் அதே கல்யாணத்துக்குத்தான் போகிறார், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் வேலைக்குப் போனவன். டீச்சர் என்றாலே பேச்சு குழறும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர், நெத்தியில விபூதி இருக்கு. அழிச்சிரணுமா?"

"எதுக்குங்க அழிக்கிறீங்க? சாமியும் ஒண்ணும் சொல்லாது, சாமியாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஆவூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்காக அவர் சொன்னதை எழுதுகிறேன். செருப்பை வெளியே விடவேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லாரும் எழுந்தால் எழ வேண்டும். முழங்கால் போட்டால், பழக்கமில்லாதவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். போனை அணைத்துவிட வேண்டும். பெண் வேறு மதம் என்பதால் பிஷப்பிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். முழுப் பூசை இருக்காது, ஜெபமும் மந்திரிப்பும் மட்டும். தாலி உண்டு, அதில் சிலுவை இருக்கும். நாத்தனார் முடிச்சுப் போடுவதும் உண்டு.

"தாய்மாமனுக்கு உங்கள்ள மரியாதை உண்டுங்களா?"

"நல்லாக் கேட்டீங்க! மாமன் கோவிச்சுக்கிட்டு நின்னுபோன கல்யாணம் எங்க தெருவுலயே இருக்கு."

கொஞ்சம் தைரியம் வந்தது. தட்டைத் தூக்க ஆளில்லாத சங்கதியைச் சொன்னேன். டீச்சர் யோசித்தார்.

"நானே தூக்கிருவேன். ஆனா நான் மாப்பிள்ளை வீட்டுச் சனமாச்சே. நாங்க எடுத்தா எங்களுக்கு வர்ற சீரை நாங்களே சுமந்த மாதிரி ஆயிரும். ஊரு வாய் சும்மா இருக்காது."

வந்த தைரியம் போய்விட்டது.

9.40. மாத்தூரில் இறங்கினோம். அங்கிருந்து ஆவூர் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ் போய்விட்டதாம். டீச்சரும் நானும் சேர்ந்து ஆட்டோ பிடித்தோம், இருநூறு ரூபாய்.

10.15. ஆவூர். பெண் வீட்டாருக்கென்று கோயில் தெருவில் ஒரு வீடு விட்டிருந்தார்கள். தெருமுனையில் நின்று தாம்பாளத்தில் எல்லாவற்றையும் அடுக்கினேன். வீட்டு வாசலில் அக்கா வெறும் நெற்றியோடு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை வாங்க வேண்டிய வீடு அவளுடையது. அவள் வந்து தூக்க முடியாது. எதிர் வீட்டுத் திண்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா மட்டுந்தானா? அத்தை வரலையா?" என்றது ஒரு குரல்.

"அத்தையைப் பையிலதான் வச்சிருக்காரு போல" என்றது இன்னொன்று.

மணி பத்தரை. பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் தாலி ஏறவேண்டுமே என்ற கவலை வேறு. இதற்குமேல் நிற்க முடியாது என்று மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தாம்பாளத்தைத் தூக்கித் தலையில் வைத்தேன். இரண்டு எட்டு நடப்பதற்குள் ஒரு வாழைப்பழம் உருண்டு கீழே விழுந்தது. திண்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

"தலையில வைக்கிறதுக்கு அது என்ன நெல்லு மூட்டையா?"

மல்லிகாவின் குரல். திரும்பினேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சாதாரண நூல் சேலை.

"எப்ப கெளம்புன?"

"அடுத்த வண்டிக்கு. பஸ்ஸுக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்தீங்களே, ஒரு மனுஷி தூங்க வேணாமா? கொண்டாங்க தட்டை. நான் யாருக்காகவும் வரலை. ஆம்பள தட்டைச் சொமந்தா நம்ம ஊரைப் பத்தி என்ன பேசுவாக? அதுக்குத்தான் வந்தேன். தூக்குறேன். ஆனா சிரிக்க மாட்டேன்."

பழத்தை எடுத்து, ஊதி, இருந்த இடத்தில் வைத்தாள். தட்டை நெஞ்சுக்கு நேராக ஏந்தினாள். தெரு முழுக்க ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். திண்டில் இருந்த பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். நான் மாலையோடு பின்னால் போனேன்.

உள்ளே செல்வி மணையில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகாவைப் பார்த்ததும், "அத்தே" என்று எழப் போனாள்.

"உக்காரு. மை கலைஞ்சிரும்" என்றாள் மல்லிகா. அவ்வளவுதான் பேச்சு.

பட்டம் கட்டும்போது ஜரிகை நூல் இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை மல்லிகா ஒரு விரலால் முடிச்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

11.30. கோயில் மணி அடித்தது. சொன்ன நேரத்துக்கே தொடங்கினார்கள், ஆனால் சாமியார் பிரசங்கம் முடிகிற வழியாக இல்லை. நான் ஆண்கள் வரிசையில், மல்லிகா எதிர் வரிசையில். எங்கள் ஊரில் தாலி கட்டும்போது நாதஸ்வரமும் மேளமும் சேர்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்றே காதில் விழாது. இங்கே ஒரே அமைதி. சாமியார் இருவரையும் தனித்தனியாகச் சம்மதமா என்று கேட்டார். செல்வி, "சம்மதம்" என்றது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். பெண்ணிடம் இப்படி ஊரறியக் கேட்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தாலி ஏறும்போது மணி 12.06. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மல்லிகா அங்கிருந்தே கண்ணை உருட்டினாள். கையை இறக்கிக்கொண்டேன்.

1.15. பந்தி. எங்களில் முகூர்த்தச் சாப்பாடு சைவம்தான். இங்கே ஆட்டுக்கறி பிரியாணி. இலை போட்டுப் பரிமாறியவர் டீச்சருடைய தம்பி. தாலி கட்டிய அன்றைக்கே கறி சாப்பிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மல்லிகா இரண்டாம் முறை வாங்கினாள். அப்போதும் சிரிக்கவில்லை.

மாலை 4.20. மாத்தூரிலிருந்து புதுக்கோட்டை வண்டி. உட்கார இடம் கிடைத்தது. கீரனூர் வந்தபோது பைகளை எண்ணினேன். இரண்டு. காலுக்கடியில் பார்த்தேன், மேலே பார்த்தேன்.

"தாம்பாளம்! கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க—"

"உக்காருங்க" என்று மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது அங்கதான் இருக்கு. நான்தான் செல்விகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

"திரும்பி வரணும்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாருக்குன்னு தேய்ச்சு வச்சிருந்தேனோ அவகிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அந்த வீட்டுல யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா, திருப்பிப் போட்டுப் பேரைக் காட்டட்டும்."

நம் பையனுக்கு வருகிறவளுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன்.

"வரட்டும், பாப்போம். பட்டத்தைக் கோணலாக் கட்டிட்டீங்க, தெரியுமா? போட்டோல அப்படியே விழும்" என்றாள். இப்போது சிரித்தாள். "பை ரெண்டுதான். ஊரு போற வரைக்கும் எண்ணாம வாங்க."

எண்ணாமல்தான் வந்தேன். அறந்தாங்கியில் வண்டி மாறும்போது மட்டும், அவள் பார்க்காத நேரமாக, ஒரே ஒரு தடவை.