மாமாவின் துப்பாக்கியும் சாம்பார் டப்பாவும்

பதினோரு வயதில், சனிக்கிழமைதோறும் நான் உளவு பார்க்கப் போனேன். அனுப்பியவள் அம்மா. யாரை உளவு பார்த்தேனோ அவர் அம்மாவின் தம்பி, என் மாமா. நாங்கள் இருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் முள்மரமும் சுண்ணாம்புக் கல்லுமாக நிலம் விரிந்து கிடக்கும். அங்கே ஒரு தகரக் கூரை வீட்டில் அவர் தனியாக இருந்தார். வேலை எல்லாம் லாப்டாப்பில், வீட்டிலிருந்தபடியே. அத்தை அவரை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவில் உள்ள டப்ளினுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தைக்கு அங்கே பெரிய ப்ராஜெக்ட் என்று ஈரோட்டுச் சொந்தங்களிடம் அம்மா சொல்லி வைத்திருந்தாள். மாமாவிடம் இரண்டு குதிரைகளும் ஒரு வேட்டைத் துப்பாக்கியும் இருந்தன. குதிரைகள் உடற்பயிற்சிக்கு என்று சொல்லிவிட்டாள். அவள் பேச்சில் துப்பாக்கி எங்கள் குடும்பத்தில் இல்லவே இல்லை. தம்பியிடமே நேராக, எப்படிடா இருக்கிறாய் என்று கேட்கவும் அவளுக்கு வராது. அதற்குப் பதில் சாம்பார் வைத்து, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, கூடவே என்னையும் அனுப்பினாள். சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போகும்போது, ஃப்ரீவேயில் ஏறுவதற்குள் விசாரணை முடிந்துவிடும். சாப்பிட்டானா, ஷேவ் பண்ணியிருந்தானா, பாட்டில் கீட்டில் கண்ணில் பட்டதா.

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான். "ஹி இஸ் ஃபைன்மா." பாதி நாள் அவர் ஃபைனாக இல்லை. போன வாரச் சாம்பார் தொடாமல் ஃப்ரிட்ஜில் இருக்கும். பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சரியாக இல்லையென்று தெரிந்தால், மாமாவை எங்கள் கெஸ்ட் ரூமுக்கு இழுத்து வந்து குதிரைகளை விற்றுவிடுவதாக அம்மா அறிவித்திருந்தாள். அதில் ஒன்று அத்தை ஓட்டிய கிழட்டுப் பெண்குதிரை. சனிக்கிழமைகளில் அது எனக்கு. பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் கிடையாது. வாரம் முழுவதும் அந்தக் குதிரையை நினைத்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். மாமாவின் சவரத்துக்காக அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

சவாரி போகும்போது மாமா துப்பாக்கியை எடுத்துக்கொள்வார். சுற்றுப்பக்கத்து நிலங்களைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிகளுக்காக என்று பெயர். அவர் ஒரு பன்றியைக்கூடச் சுட்டு நான் பார்த்ததில்லை. துப்பாக்கியும் எங்களோடு வந்து காற்று வாங்கிவிட்டுத் திரும்பும். ஆனால் அதைக் குதிரையில் கொண்டுபோவதில் அவர் பார்த்த ஆசாரத்தை எங்கள் பூஜை அறையில்கூடப் பார்த்ததில்லை. சேணத்தின் இடப்பக்கம் நீளமான தோல் உறை தொங்கும். அதில் துப்பாக்கியின் குழல் பின்பக்கமாகச் சரிந்து தரையைப் பார்த்திருக்கும். அதனால் நான் அவருக்கு வலப்பக்கமாகத்தான் போகவேண்டும், பின்னால் வரவே கூடாது. இறங்கினால் முதலில் துப்பாக்கியை உருவிக்கொண்டு, அப்புறம்தான் குதிரையைக் கட்டவேண்டும். குதிரை மிரண்டு ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்து ஓடிவிடக்கூடாது. முக்கியமானது, உள்ளே தோட்டா இல்லாமல்தான் ஏறவேண்டும். தான் மட்டும் திறந்து பார்த்தால் போதாது, இரண்டாவது ஆள் ஒருவரும் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் இரண்டாவது ஆள் வாரத்துக்கு ஒருநாள்தான் உண்டு.

அந்தச் சனிக்கிழமை நல்ல குளிர். மாமாவின் சட்டைப் பித்தான்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்தன. "பாரு கண்ணு" என்று துப்பாக்கியை நீட்டினார். நான் குதிரைக்குக் கேரட் ஊட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமலே "எம்ப்டி" என்றேன். அவர் திறந்துதான் நீட்டினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

பெண்குதிரை வழியெல்லாம் புல்லுக்கு நின்றது. நானும் அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். வறண்ட ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மாமாவுக்குப் பின்னால், சரியாக இடப்பக்கம், பத்தடி தள்ளி இருந்தேன். அவர் இறங்கித் துப்பாக்கியை உருவி, தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு திறந்தார். மஞ்சளாக ஒரு தோட்டா துள்ளிக் கற்கள்மேல் விழுந்தது.

மாமா தோட்டாவைப் பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தைப் பார்த்தார். அப்படியே கற்கள்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அழுதுகொண்டே, நான் பார்க்கவே இல்லை, பார்க்காமல்தான் சொன்னேன் என்றேன்.

அவர் திட்டவில்லை. "லோட் பண்ணுனது நானுதானே கண்ணு" என்றார். "நேத்து மத்தியானம் வராண்டாவுல உக்காந்து லோட் பண்ணுனேன். அப்புறம் வேண்டாம்னு வெச்சுட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

பன்றி வந்ததா என்று கேட்டேன்.

"இல்ல. ஒண்ணும் வரல."

வீட்டுக்கு நாங்கள் சவாரி செய்யவில்லை. குதிரைகளை நடத்திக்கொண்டு வந்தோம். வழி முழுவதும் ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தார். வீட்டில் சாம்பார் டப்பாவைக் கழுவித் துடைத்தார். துப்பாக்கியிலிருந்து ஒரு சாண் நீள இரும்புத் துண்டை உருவி, சமையலறைத் துண்டில் சுற்றி டப்பாவுக்குள் வைத்து மூடினார். இது இல்லாவிட்டால் அது வெறும் குழாய், சுட முடியாது என்று விளக்கினார்.

"இத உன்ற ரூம்ல வெச்சுக்கோ. அம்மாகிட்டச் சொல்லாத. நானே கேட்டாலும் குடுக்காத."

என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பின்னால் வந்துவிட்ட ஒரே குற்றத்துக்காக மனிதர் வேட்டையையே விட்டுவிட்டாரே. காரில் டப்பாவை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"கனமா இருக்கற மாதிரி இருக்குதே. இன்னைக்கும் சாப்பிடலியா அவன்?"

சாப்பிட்டார் என்றேன். எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு வழக்கமான பதிலைச் சொன்னேன். அத்தனை சனிக்கிழமைகளில் அன்று ஒருநாள்தான் அதை முழுமனதாக நம்பிச் சொன்னேன்.

மாமா இப்போது சான்டா கிளாராவில் சௌக்கியமாக இருக்கிறார், தொப்பைகூடப் போட்டுவிட்டது. அந்த இரும்புத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் அதைக் கேட்டது ஒரே ஒரு தடவை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை, நான் பள்ளி விட்டு வந்த நேரத்துக்குப் போன் செய்தார். பத்திரமாக இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறாயா என்றார். முடியவே முடியாது என்றேன். அவர் போனை வைக்கவில்லை. வெகுநேரம் அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நல்ல பொண்ணு" என்றார். நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தேன். அந்தத் துப்பாக்கியிடமிருந்து நாங்கள் இருவருமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்னைத்தான் என்று அப்போது நினைத்தேன்.