ஜஸ்டின் அண்ணனின் ஜப்பான் செட்

ஜஸ்டின் அண்ணனுடைய எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. அதனால் எடுத்த எடுப்பில் நான்தான் பேசினேன்.

"அண்ணே, எங்க இருக்கிய? ஆளு வந்து காத்திருந்து பாத்துட்டுப் போயாச்சு. ஒங்களுக்கு ஒரு மணிண்ணா அது மூணு மணியாக்கும், இல்லியா?"

மறுமுனையில் இருந்தவர் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு மலையாளத்தில், இந்தப் போன்காரர் உங்களுக்கு யார் என்று கேட்டார். கள்ளிக்காடு ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே சுருண்டு விழுந்துவிட்டதாகவும், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் சொன்னார். நான் நம்பவில்லை. ஆள் மாறியிருக்கும், அவருடைய இடது கைப் பெருவிரல் நகம் கறுத்திருக்கும், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் விளிம்பில் பட்டுப் பட்டுக் கறுத்த நகம் அது. அந்த மனிதர் பாவம், போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "உண்டு" என்றார்.

கையில் சூடான சாலிடரிங் அயர்ன் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மேசை கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் டிரம்மர் ஜஸ்டினை அறிவீர்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அவர் வாசிக்காத கோயில் திருவிழாவோ சர்ச்சோ கிடையாது. நான் அறிந்தவர் வேறொரு ஜஸ்டின். பழைய இசைக்கருவிகளுக்கு விலை சொல்லும் ஜஸ்டின். பாறசாலையில் ஒற்றை ஷட்டர் கடை, இருவரும் பங்காளிகள். தனுவச்சபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த நான் கீபோர்டு, மிக்சர், ஆம்ப்ளிஃபையர் பார்ப்பேன். டிரம் வந்தால் அவர். வயதில் எனக்கு மூத்தவர், ஆனால் என்னை ஒருபோதும் தம்பி என்று ஒதுக்கியதில்லை. சண்டை போடுவதற்குச் சரிசமமான ஆளாகவே வைத்திருந்தார்.

அவர் விலை பார்க்கும் விதம் எனக்கு எரிச்சல். தோலைக் கழற்றி, ஷெல் என்கிற மரக்கூட்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். "ஜப்பான் பலகைக்கு ஒரு மணம் உண்டு மக்கா. நம்ம ஊரு பிளைவுட்டுக்கு மீன் கூடையில வச்ச மணம்" என்பார். மோப்பம் ஓர் அளவு இல்லை என்று நான் கத்துவேன். ஒருமுறை ஒரு டாம் டிரம்மை மோந்துவிட்டு, ஒரிஜினல் என்று அடித்துச் சொன்னார். நான் கேலிப்பரை வைத்து, ஷெல்லின் கனம் இடத்துக்கிடம் மாறுவதைக் காட்டினேன். உள்ளூர் ஆசாரி யாரோ வளைத்துச் செய்த ஷெல் அது. அவர் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு, "எனக்கு ரெண்டு நாளா ஜலதோசம்லா" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் அசையவே மாட்டார். விற்கும்போது குற்றத்தை முதலில் சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் நல்லதைச் சொல்லலாம். தொலைவிலிருந்து வந்த ஒரு பாட்டுக்குழுச் செயலாளர், ஒரு செட்டை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார். வாங்கிவிடுவார் என்று நான் பில் புத்தகத்தை எடுத்தேன். ஜஸ்டின் அண்ணன் உள்ளே வந்ததும் வராததுமாக, "சாரே, இதுல பெரிய டாமுக்க விளிம்பு சரியில்ல. இந்தக் கால் வேற செட்டுக்க கால். ஒட்டியிருக்க தாளுக்கு அடியில காத்து ஏறியிருக்கு" என்று வரிசையாக அடுக்கினார். செயலாளர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கொதித்துப் போனேன்.

"நீங்க என்ன கடை நடத்துதியளா, சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் நடத்துதியளா?"

"எலே, அவன் வீட்டுல போய் கண்டுபிடிச்சா நம்மளை ஏசுவான். இங்க வச்சுக் கண்டுபிடிச்சா டிரம்மை ஏசுவான். டிரம்முக்கு என்ன, அது அடி வாங்கவே பொறந்தது."

அவரிடம் சொந்தமாக ஒரு ஜப்பான் செட் இருந்தது. அவருடைய மாமா வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர். ஊருக்குத் திரும்பியபோது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது. என் வயதைவிட மூத்த செட். சிவப்பில் முத்துச்சிப்பி மினுங்கும் தாள் ஒட்டியது. ஸ்நேரும் இரண்டு டாம்களும் கடையில், எங்கள் தலைக்கு மேலே பரணில் இருந்தன. அதன்மேல் யாராவது டீ கிளாசை வைத்தால் அண்ணனுக்குக் கண் சிவந்துவிடும். பெரிய பாஸ் டிரம் மட்டும் வீட்டில். கேட்டால், "மழையில எடுத்துட்டு வர வய்யாது" என்பார். வெயிலில் கேட்டால், "வெயில் பட்டா தாள் பொளிஞ்சு வரும்" என்பார்.

மகள் ஜென்சிக்கு நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "இதுக்கு நீ ஒரு வெல போடு மக்கா" என்று மூன்று டிரம்களையும் இறக்கி வைத்தார். அரை நாள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஷெல்லையும் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, உள்ளே விளக்கை வைத்து, விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். எங்கும் கசியவில்லை. பட்டைகள், பேட்ஜ், திருகுகள் எல்லாம் ஒரே காலத்தவை. வெளிநாட்டில் இதே வகை என்ன விலைக்குப் போகிறது என்று நெட்டில் தேடினேன். "பாஸ் டிரம்மும் இப்பிடியே இருந்தா எண்பதாயிரம். குறையாது" என்றேன். அவர் உடனே மனைவிக்குப் போன் போட்டு, "கேட்டியா ஷைலா, எண்பதாயிரமாம், எஞ்சினீயரு சொல்லியான்" என்றார். வைத்த பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"அல்ல, ஒரு பேச்சுக்கு. எங்கயாவது ரெண்டு ஓட்டை கூடுதல் இருந்தா?"

"பாதி விலை போச்சு. ஜப்பான் ஷெல்லுல எவனாவது டிரில் வைப்பானா? வச்சவனுக்கக் கையை ஒடிக்கணும்."

"சரியாக்கும்" என்றார். டிரம்களைத் திரும்பப் பரணில் ஏற்றினார்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா இறந்தது அதற்கும் முன்பு, ஒரு துலாம் மாத மழையில், ஐப்பசி அடைமழையில். எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்கு வரும் பேண்டில் பெரிய டிரம்மைக் கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வீட்டிலிருந்து சர்ச் வரை அது முன்னால் போகும், பெட்டி பின்னால் போகும். அன்று பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த எனக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் வேலை செய்தது. சாதாரணமாக அந்த டிரம் தகர டப்பாவைப் போலச் சத்தம் போடும். அன்று ஒவ்வோர் அடியும் நெஞ்சுக்குள் இறங்கி, அடங்கி, அடுத்த அடிக்கு இடம் விட்டது. ஜஸ்டின் அண்ணன்தான் அதைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டு போனார். அடக்கம் முடிந்த வாரத்தில், "அது எந்தக் கம்பெனி டிரம் அண்ணே?" என்று கேட்டேன். "பேண்டுக்காரனுவளுக்க சாதனம், எனக்கு எங்க தெரியும்" என்றார். டிரம்மைப் பற்றி அவர் தெரியாது என்று சொன்னது அந்த ஒருமுறைதான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அவருடைய அடக்கத்திலும் அதே டிரம் முன்னால் போனது. பேண்டு மாஸ்டர் வில்சன் அடித்தார், அதே கறுப்புத் துணி, அதே சத்தம். நான் பின்னால் நடந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஷைலா மைனி கூப்பிட்டு அனுப்பினார். பெங்களூரிலிருந்து பழைய டிரம் சேர்க்கும் ஒருவர் போன் செய்திருக்கிறார். அண்ணன் உயிரோடிருக்கும்போதே அவரிடம் பேசி வைத்திருந்தாராம். நான் பார்த்து ஒரிஜினல் என்று சொன்னால், சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வார். ஜென்சிக்குக் கல்லூரியில் பணம் கட்டும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது. "நீ சொன்ன எண்பதாயிரத்தை நம்பித்தான் மக்கா இருக்கேன்" என்றார் மைனி.

மூன்று டிரம்களையும் கடையிலிருந்து கொண்டுபோனேன். உள் அறையிலிருந்து பாஸ் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து உறையை அவிழ்த்தேன். அதே சிவப்பு முத்து, அதே பேட்ஜ். திருப்பினேன். ஷெல்லின் மேல்பக்கம், இரண்டு ஓரத்திலும் இரும்புக் கொக்கிகள். தோள்பட்டை வாரை மாட்டுவதற்கானவை. துளை போட்டு, உள்ளே வாஷர் வைத்து முறுக்கியிருந்தது. துளையைச் சுற்றித் தாள் நட்சத்திரமாகக் கீறியிருந்தது. அவசரத்தில் போட்ட துளை.

நான் கத்திவிட்டேன். செத்த வீடு என்பதே மறந்துபோனது. "எந்த மடையன் மைனி இதுல டிரில் வச்சது? பாதி விலை போச்சு! ஆருக்கக் கையில குடுத்தாரு இதை?"

மைனி டிரம்மின் மறுபக்கம் வந்து நின்றார்.

"ஒனக்குத் தெரியாதா? ஒங்க அப்பனுக்க அடக்கத்தண்ணு பேண்டுக்காரனுவளுக்க டிரம் மழையில ஊறி ரெண்டா பொளந்துபோச்சு. வேற எங்கயும் கிட்டல. டிரம் இல்லாம பெட்டியை எடுக்கப் பிடாதுண்ணு அவிய இதைக் கொண்டுவந்து இந்த முற்றத்துல வச்சு ஓட்டை போட்டாவ. நான்தான் குடை பிடிச்சேன். நீயும் அதுக்கப் பொறத்தால நடந்தியே மக்கா."

துளையைச் சுற்றியிருந்த கீறலில் விரலை வைத்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவியளுக்கு ஒன்னைப் பயமாக்கும். 'ஜப்பான் ஷெல்லுல டிரில் வச்சேண்ணு தெரிஞ்சா அந்தப் பய என்னைக் கொன்னுருவான்'ண்ணு சொல்லிச் சிரிப்பாவ. பெறவு ஒவ்வொரு அடக்கத்துக்கும் வில்சன் வந்து எடுத்துட்டுப் போவான். கல்யாணத்துக்குக் கேட்டா அவிய குடுக்க மாட்டாவ. அடக்கத்துக்கு மட்டும்."

எல்லாருடைய பொருளின் குற்றத்தையும் ஊர் கேட்கச் சொன்ன மனிதர், இந்த ஒன்றை மட்டும் உறைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அதுவும் என்னிடமிருந்து. ஒரு விலை கேட்கும் சாக்கில் சொல்லிப் பார்க்க வந்தார். நான் கையை ஒடிக்கணும் என்றேன்.

மைனி காத்துக்கொண்டிருந்தார். தாள் ஒட்டி மறைக்கலாம், படத்தில் தெரியாது. அப்படி ஒரு யோசனை வந்ததை மறுக்கவில்லை. ஆனால் பங்காளியின் சட்டம் எனக்குத் தெரியும். பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டு, முகமன்கூட இல்லாமல், "பாஸ் டிரம்முல ரெண்டு ஓட்டை கூடுதல் உண்டு" என்று ஆரம்பித்தேன். அவர் துளைகளின் இடத்தையும் அளவையும் கேட்டார். பிறகு, இதே நிறத்தில் ஒரு பாஸ் டிரம் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதாகவும், தனக்கு முக்கியமாக வேண்டியது ஸ்நேர்தான் என்றும், மற்ற மூன்றையும் மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரு தொகை சொன்னார். எண்பது இல்லை. அந்தத் தொகையை அப்படியே மைனியிடம் சொன்னேன்.

"முதல் வருசத்துக்கு எத்தும். பாக்கிக்குப் பெறவு பாக்கலாம்" என்றார் மைனி. முந்தானையால் பாஸ் டிரம்மின் மேல் படிந்த தூசியைத் துடைத்தார். "இது போவாண்டாம். இதுக்கு வேலை உண்டு."

ஜஸ்டின் அண்ணனை அறிந்தவர்களே, அவருடைய குற்றங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் அதைத்தான் விரும்புவார். நேரம் தவறுவார். போனை எடுக்க மாட்டார். நெஞ்சு பிடிக்கிறது என்றால் வயிற்றுக் கேஸ் என்று சொல்லி இஞ்சிச் சாறு குடிப்பார். ஓர் ஆம்ப்ளிஃபையர் லேசாக முனகினாலே திறந்து பார்க்கிற நான், அந்தக் கேஸை அப்படியே ஏற்றுக்கொண்டேன். நல்லதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் யாராவது போகும்போது, கறுப்புத் துணிக்குள்ளிருந்து உங்களுக்கே கேட்கும்.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியது கடையில் அவர் உட்காரும் ஸ்டூல் ஒன்றுதான். நேற்று ஒருவர் நல்ல மிக்சர் ஒன்றை விலை பார்க்கக் கொண்டுவந்தார். அதன் பக்கவாட்டுத் தகட்டில் கோணல்மாணலாக ஒரு துளை. எந்த மடையன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணனுடைய ஸ்டூலை வந்தவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

"இரிங்க. இந்த ஓட்டை எதுக்குப் போட்டது?"

அவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.