ஓலை போடாத தேர்தல்

“பதினொண்ணாவது படிச்சிட்டா ஆத்துல பாலம் மொளைச்சிடுமா?”

ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டது இது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு பாராளுமன்றத் தேர்தல் சமயம். விருத்தாசலத்தை ஒட்டி ஓடும் மணிமுத்தாற்றின் காய்ந்த மணலில், சக்கரம் புதைந்து நின்ற ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பெண்பிள்ளையான நான்தான். அந்த வருடம்தான் எனக்கு ஓட்டும் வந்திருந்தது. அதனால் அந்தச் சிரிப்பு ரொம்பவே உறைத்தது.

எங்கள் தொகுதி மிகப் பெரியது. எங்கெங்கோ இருக்கும் முந்திரிக் காடுகளும் கரும்பு வயல்களும் அதில் அடக்கம். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் கூரை வீடுகள்தான் நாங்கள். ஊர், தார்ச்சாலை, ஓட்டுச்சாவடி, ஆஸ்பத்திரி எல்லாம் ஆற்றுக்கு வடகரையில். எங்கள் காலனி மட்டும் தென்கரையில். கரையில் நின்றால் எதிரே பீங்கான் சூளைகளின் புகைபோக்கிகள் தெரியும். அங்கே ஒரு கம்பெனியில்தான் அப்போது எனக்கு வேலை. பீங்கான் சாமான் அடைத்த மரப்பெட்டிகள்மேல், அவை போய்ச் சேர வேண்டிய ஊர்களின் பெயரைக் கறுப்பு மையால் எழுத வேண்டும். என் எழுத்து டெல்லிவரைக்கும் போகிறது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிரம்பிவிட்டால், அந்தப் பெட்டிகள் இருக்கும் இடத்துக்கே என்னால் போக முடியாது.

தேர்தலோ எங்களுக்குத் தெரிந்தவரை மாசி, பங்குனியில்தான் வந்தது. அப்போது ஆற்றில் மணல் மட்டும் சுட்டுக்கொண்டு கிடக்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களின் ஜீப் அதில் புதைந்துவிடும் என்று, முந்தின நாளே எங்கள் ஆட்கள் பனையோலை வெட்டி, கரையிலிருந்து கரைவரைக்கும் பரப்பி, மேலே வைக்கோலும் போட்டுவிடுவார்கள். யாரும் கூலி கேட்டதில்லை. வீடு தேடி வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. சின்னத்துக்கு ஒரு பெட்டி என்று வைத்து ஓட்டு வாங்கிய அந்தக் காலத்திலிருந்தே அப்பாதான் முன்னால் நின்று செய்வார். “எந்தக் கட்சி ஜீப்பும் நாம போட்ட ஓலையில பொதைஞ்சதில்ல” என்பதில் அவருக்குப் பெருமை.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கரைவரைக்கும் தூக்கி வந்தார்கள். அதற்குமேல் தண்ணீர். எதிர்க்கரையில் சூளைப் புகை போய்க்கொண்டிருந்தது. மழையில் கட்டிலுக்கு மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வயிற்றுப் பிள்ளையோடு அம்மா அங்கேயே போய்விட்டார்.

அடுத்து வந்த தேர்தலிலும் அப்பா ஓலை போட்டார். வந்தவர்கள் எல்லோரும் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார்: “இவ்ளோ சொகமா வண்டி வருதே, பாலம் எதுக்குங்க?”

அந்த வார்த்தை எனக்குள் கிடந்தது. அதற்கடுத்த தேர்தல் வந்தபோது அண்ணிக்கு நாள் தள்ளியிருந்தது. விரல்விட்டுப் பார்த்தால் பிரசவம் ஐப்பசியில் வந்து நின்றது. அன்று சாயங்காலம் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், இந்தத் தடவை ஓலை வேண்டாம் என்றேன்.

“வூடு தேடி வர்றவங்கள மண்ணுல எறக்கி நடக்க வுடுறதா? நல்லா இருக்குதே ஒம் படிப்பு!”

“நடந்தாதாம்ப்பா ஆறுன்னு ஒண்ணு இருக்குதுன்னே அவங்களுக்குத் தெரியும்.”

அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “பாப்பா சொல்றது சரிதாங்க மாமா. நாம பொதைஞ்சது போதும், ஒரு தடவ அவங்க பொதையட்டும்.”

அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அண்ணியின் பேச்சு காலனிப் பெண்களிடம் பரவிவிட்டது. மறுநாள் எந்த வீட்டு ஆணும் ஓலை வெட்டப் போகவில்லை. அப்பா மட்டும் கொஞ்சம் வெட்டி வேலிக்குப் பின்னால் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

ஜீப் வந்தது. ஆற்றின் நடுவில் பின்சக்கரம் இரண்டும் புதைந்தன. வேட்பாளர் இறங்கினார். உச்சி வெயில். செருப்புக்குள் மணல் ஏற, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். பெரிய வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எங்கடா ஓலை?” என்று கத்தினார். நாங்கள் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கிட்டே போனோம்.

“ஏம்மா, எப்பவும் ஓலை போடுவீங்களாமே?” என்று வேட்பாளர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“ஐப்பசியில போட்டா மெதந்து போயிடும்ங்க ஐயா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கரையையும் இந்தக் கரையையும் பார்த்தார். “தண்ணி எவ்ளோ வரும்?” என்றார். நான் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஆற்றைப் பற்றி எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரர், படித்துவிட்டால் பாலம் முளைத்துவிடுமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வேட்பாளரும் லேசாகச் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், அவர் கண் எங்களைவிட்டுப் போய்விட்டது.

பின்னால் சரசரவென்று சத்தம். அப்பா ஓலைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். “பொம்பளப் புள்ள, தெரியாம செஞ்சிட்டுதுங்க, மனசுல வெச்சிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்துக்கு அடியில் குனிந்து செருகினார். அண்ணனும் மற்றவர்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஜீப் மேலே ஏறியது. காலனிப் பக்கம் வராமல், வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மற்றக் கட்சிக்காரர்கள் ஊர்ப் பக்கமே பேசிவிட்டுப் போனார்கள். அந்தத் தேர்தலில் பாலம் தருவதாகச் சொல்லக்கூட எங்கள் கரைக்கு யாரும் வரவில்லை.

ஓட்டுப் போடும் நாளில் காலனியே மணலில் நடந்து போய் ஓட்டுப் போட்டது. வயதானவர்களைக்கூட யாரும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. நானும் என் முதல் ஓட்டைப் போட்டேன். ஜீப் புதைந்து நின்ற அந்த வேட்பாளரே ஜெயித்தார்.

தலைப்பிரசவத்துக்கு அண்ணியை வடகரையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்து வைத்திருந்தோம். அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஐப்பசி பிறப்பதற்குள் ஆறு இரண்டு கரையையும் தொட்டுவிட்டது. வலியும் நாளுக்கு முன்பே வந்தது. அண்ணனும் அப்பாவும் வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளம் அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. காலனிப் பெண்கள் சேர்ந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை அழவே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அண்ணி மட்டும் பிழைத்தாள்.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து அப்பா கரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்: “ஏம்மா, அன்னிக்கு ஓலைய ஒழுங்கா போட்டிருந்தா, மனசு எறங்கி பாலம் குடுத்திருப்பாங்களோ?”

ஓலை போடாதது தப்பு என்று நான் இன்றுவரை நினைத்ததில்லை. இன்னொரு தேர்தல் வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால், மனைவியையும் பேரக்குழந்தையையும் ஆற்றுக்குக் கொடுத்த ஒரு மனிதர், தான் செய்த மரியாதையில்தான் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஓட்டுப் போட்டுக் கேட்டது கிடைக்கக் காலம் ஆகலாம். பிரசவ வலி அதுவரை காத்திருக்காது என்பதை அந்த ஐப்பசி எனக்குக் காட்டிவிட்டது. பாலம் வரும் வரைக்கும் விஷயம் தெரிந்த ஒரு ஆளாவது தென்கரையில் இருக்க வேண்டும் என்று, கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அடுத்த ஆனியில் கடலூருக்குப் போய், பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டேன்.