முடியாதுன்னு எப்படிங்க எழுதறது?

போன வாரம் காலையிலேயே அன்னூரிலிருந்து செல்வியின் போன். துணிப்பை தைக்கிற சின்ன யூனிட் வைத்திருப்பவர். நாலு மெஷின், அவரோடு சேர்த்து ஐந்து பெண்கள். இங்கிலீஷில் மெயில் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருக்கிறதே!

"ஏனுங்க்கா, அந்த லண்டன்காரரு நம்ம பையை நம்பி கடை தொறக்கற தேதியே போட்டுட்டாருங்க. ரெண்டாயிரம் பை! முடியும்னு நான் சொல்லவே இல்லீங்களே!"

அவருக்குப் போன பதில் மெயிலை எழுதியதே நான்தான். செல்விக்கு வந்திருக்கும் முதல் வெளிநாட்டு ஆர்டர் வேறு.

மூன்று வாரத்தில் ரெண்டாயிரம் பை கிடைக்குமா என்று அந்த லண்டன்காரர் கேட்டிருந்தார். அன்றைக்குச் செல்வி என்ன சொன்னார்? "நாலு மெஷினுதானுங்க... பாக்கலாமுங்கன்னு எழுதிப்போடுங்க."

கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல நமக்கு வாய் வராது. இழுத்துச் சொல்வோம். கேட்டவர் புரிந்துகொண்டு வேறு ஆளைப் பார்ப்பார். மனஸ்தாபம் கிடையாது.

எனக்கும் புரிந்தது. ஆனால் எழுதியது என்ன? ‘வி வில் டூ அவர் வெரி பெஸ்ட்.’ எங்களால் ஆனதையெல்லாம் செய்வோம் என்று அர்த்தம். இங்கிலீஷ்காரரே எழுதியது போல இயல்பாக வந்து விழுந்தது. இரண்டு தடவை படித்து ரசித்தேன் வேறு. அதில் ‘முடியாது’ எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

உடனே பஸ் பிடித்து அன்னூர் போனேன். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால், கை மறுபடியும் பழைய வழியில்தான் போகிறது - ‘டியூ டு அன்ஃபோர்சீன் சர்கம்ஸ்டன்சஸ்...’

"அப்படின்னா என்னங்க்கா?"

"எதிர்பாராத காரணத்தாலன்னு அர்த்தம், செல்வி."

"நமக்கு மொதல்லயே தெரியுமேங்க்கா. அது பொய்யில்லீங்களா?"

அழித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

"சரி, நீங்களே சொல்லுங்க. அப்படியே எழுதறேன்."

அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வர அவர் பட்ட பாடு இருக்கிறதே!

"முடியாதுங்க. அறுநூறுதான் முடியுமுங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும்... தப்பு எங்க மேலதானுங்க."

தப்பு என்னுடையது என்று திருத்தப் போனேன். விடவில்லை. நாலு குட்டி வாக்கியங்கள், பள்ளிக்கூடப் பிள்ளை இங்கிலீஷ். அனுப்பினோம்.

எது இயல்பான இங்கிலீஷ் என்று எத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்! காதுக்கு நன்றாக இருந்தால் போதும் என்றே இருந்துவிட்டேன். படிக்கிறவர் அதை நம்பி ஒரு கடையைத் திறப்பார் என்று தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பதில் வந்தது. ஆர்டர் கேன்சல். வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறாராம். கீழே ஒரு வரி. தமிழில் படித்துச் சொன்னேன்: ‘அடுத்த தடவை முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.’

"ரொம்பக் கோவிச்சுக்கிட்டாரு, செல்வி..."

"எங்கீங்க்கா கோவிச்சுட்டாரு? ‘அடுத்த தடவை’ன்னு எழுதியிருக்காரு பாருங்க!"

இங்கிலீஷ் தெரிந்தவள் நானாம்!