அழுகாச்சியின் மூஞ்சி

தொலைக்காட்சித் தொடர்களில் உங்களை விம்ம வைத்த கதாநாயகிகளில் பாதிப் பேருக்கு அழவே தெரியாது. அவர்களுக்காக மைக் முன்னால் அழுதவள் அழுகாச்சி. ஸ்டூடியோவில் அவளுக்கு அதுதான் பெயர்.

முதலில் அவள் அங்கே டைப்பிஸ்ட். குரல் கொடுக்கிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், "சும்மா ரெண்டு விசும்பு விசும்பும்மா" என்று இவளை உள்ளே தள்ளிவிட்டார்கள். விசும்பினாள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். கைவிடப்பட்டவளின் அழுகை, மாமியார் காதில் விழாத அழுகை, சொத்துக்காக அழுகிற பொய் அழுகை, எதைக் கேட்டாலும் அவளிடம் கிடைக்கும். கண் மட்டும் திரையில் நடிகையின் உதட்டை விட்டு நகராது. அவள் முகமோ, பேருந்துக்குக் காத்திருப்பவளின் முகம்.

இந்தப் பெருமையை ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் வெளிநாட்டில் இருந்த அவளுடைய அக்கா.

"அழறது அந்த நடிகைடி. நீ பின்னால நின்னு முக்கறே. அம்மா செத்தப்போ ஒரு சொட்டு விட்டியா? கல்லு!"

ஒவ்வொரு போனும் அந்தக் கல்லில்தான் முடியும்.

அப்போதுதான் ஒரு தாடிக்காரர் வந்தார். நிகழ்த்துகலைஞராம். எந்த நாட்டிலிருந்தும் யார் வேண்டுமானாலும் தங்கள் துக்கத்தை இணையத்தில் எழுதி அனுப்பலாம்; அது மொழிபெயர்ந்து இவள் முன்னால் திரையில் வரும்; அவர்களுக்காக இவள் அழ வேண்டும்; உலகம் நேரலையில் பார்க்கும்.

"மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இன்டர்நெட்டுன்னு ஒரு கண்ணாடி இருக்கும்மா. அதை நாம கண்ணீரால கழுவப் போறோம்."

"என் மூஞ்சி தெரியுமா?"

"மூஞ்சி மட்டும்தாங்க தெரியும்."

அவளுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள். "சனிக்கிழமை பாரு. அழறது யாருன்னு அன்னிக்குத் தெரியும்."

வெள்ளையடித்த அறை. ஒரு நாற்காலி, ஒரு காமிரா, ஒரு திரை. அழுகாச்சி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் துக்கம் வந்தது. யாரோ ஒருவருடைய நாய் செத்துவிட்டது. அழுகாச்சி தன் தொழில் வாழ்க்கையின் உச்சத்துக்கே போனாள். கேவல், விக்கல், நடுவில் மூச்சு அறுந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிரசித்தி பெற்ற இழுப்பு!

திரையில் பதில்கள் வந்தன. "படம் உறைந்துவிட்டதா?" "இந்த அம்மா ஏன் கொட்டாவி விடுகிறார்?"

தாடிக்காரர் ஓடி வந்தார். "அம்மா, கண்ணீர் எங்கம்மா?"

"தண்ணியெல்லாம் நடிகைங்க சமாச்சாரம் சார். நம்ம கிட்ட சத்தம்தான்."

"சத்தத்தை நான் எடுத்துட்டேனே! மௌனம்தான் இந்தப் படைப்போட ஆன்மா!"

"எடுத்துட்டீங்களா? காப்பியைக் கொட்டிட்டு டம்ளரைக் குடுக்கறீங்களே, நல்லா இருக்கா? அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க, அழகுக்கா?"

டி.வி.யில் அவள் குரலைக் கேட்டு உருகி அவளைத் தேடிப் பிடித்த மனிதர், அந்தக் குரலையே அறுத்துவிட்டு அவளை உட்கார வைத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் இன்னொரு வரி வந்தது. மொழிபெயர்ப்பே தேவைப்படாத வரி.

"இதுக்குத்தான் பாரு பாருன்னியாடி? மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கே. அப்பவும் கல்லு, இப்பவும் கல்லு."

அழுகாச்சி எழுந்தாள். அவள் மூக்கு காமிராவில் இடித்தது. கத்தினாள். அக்காவோ, "வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலை. திட்டறியா?" என்று எழுதினாள்.

"அற்புதம்! அப்படியே இருங்கம்மா!" என்று தாடிக்காரர் கிசுகிசுத்தார்.

"தள்ளுங்க சார்!" ஆயுள் முழுக்க மைக்கோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அவருடைய ஆன்மாவை, அந்த மௌனப் பொத்தானை, ஒரே விரலால் அழுத்தி அணைத்தாள். ஒலி திறந்துகொண்டது, உலகம் முழுவதற்கும்.

"அக்கா, அம்மாவை எடுத்த மறுநாளே நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். எனக்குக் கண்ணுல வராதுக்கா, எனக்கு இங்க, தொண்டையில இருந்துதான் வரும். சீரியல்ல ரயிலடியில தாயைப் பறிகொடுக்கறவளுக்கு அன்னிக்கு அழுதேன். அது அவளுக்கு இல்லைக்கா."

சொல்லிவிட்டு அதை அழுது காட்டினாள். அம்மா என்ற சொல்கூட அதில் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து ஒரு கேவல் எழுந்து, பாதி வழியில் திரும்பிப் போயிற்று.

தாடிக்காரரின் தாடி நனைந்துகொண்டிருந்தது.

திரையில் ஒரு வரி வந்தது.

"அந்த ரயிலடி எபிசோடு நீயா? அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் நான் சாப்பிடலைடி. அம்மா ஞாபகமாவே இருந்துச்சு."

அழுகாச்சி கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். காய்ந்துதான் இருந்தது.

"இன்னொரு தடவை அழு" என்று அக்கா எழுதினாள். "ஆனா அந்த மூஞ்சியை மட்டும் மூடித் தொலை. பாத்தா சிரிப்பு வருது."

அழுகாச்சி கைக்குட்டையை எடுத்துக் காமிராவின் மேல் போட்டாள்.